குதிகால் வலிக்கு வெந்நீரா, ஐஸா?

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனை குருவானவர் ஆற்றிய உரை)



இந்தக் கூடுகையில் என்ன பேசவேண்டும் என்று எனக்குச் சொல்லப்பட்டபோது நான் கொஞ்சம் தயங்கினேன். “ஐயா, இந்தத் தடவை குதிகால் வலியைப் பற்றிப் பேசுங்கள்” என்றார் நம்முடைய மூத்த டாக்டர். “டாக்டர்கள் இத்தனை பேர் இருக்கும்போது நான் ஏன்?” என்று கேட்டேன். “நாங்கள் பேசினால் கடைசியில் மாத்திரை பெயர் கேட்பார்கள். நீங்கள் அந்த வலியைப் பட்டவர். நீங்கள் சொன்னால் செய்து பார்ப்பார்கள்” என்றார். அவர் சொன்னது உண்மைதான். நான் மருத்துவம் படித்தவன் அல்ல, இறையியல் கல்லூரியில் படித்தவன். ஆனாலும் குதிகால் வலியை ஒன்பது மாதம் என் சொந்தக் காலில் படித்திருக்கிறேன். இன்று நான் சொல்லும் மருத்துவச் செய்திகளை நம்முடைய டாக்டரிடமும் பிசியோதெரபி சகோதரியிடமும் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டே வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஆணி குத்தினதுபோல் உணர்ந்தவர்கள் இங்கே எத்தனை பேர்? கையை உயர்த்துங்கள் பார்க்கலாம். நான் நினைத்ததைவிட அதிகமான கைகள்! ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பத்துப் பேரில் ஒருவருக்காவது வாழ்நாளில் ஒரு தடவை இந்த வலி வந்துவிடுகிறது என்று டாக்டர்கள் சொல்லுகிறார்கள். நாற்பது முதல் அறுபது வயதுக்குள் இது மிகுதி. நின்றுகொண்டே வேலை செய்கிற ஆசிரியர்கள், நர்சுகள், சமையல் வேலை செய்கிறவர்கள், எங்களைப் போன்ற குருமார் எல்லாரும் இதற்கு அகப்படுகிறவர்கள்தான்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அறுபத்தொன்று வயதில் இது வந்தது. வார்டு வார்டாகச் சிமெண்டுத் தரையில் நடப்பதே என் வேலை. ஒரு நாள் காலையில் இறங்கினேன்; வலது குதிகாலில் சுரீர் என்றது. பத்து அடி நடந்ததும் குறைந்துவிட்டது. சரி, போய்விட்டது என்று நினைத்தேன். சாயங்காலம் மறுபடியும் வந்தது. மறுநாள் காலையில் முதல் அடியில் அதே ஆணி.

பிறகு ஆலோசனைகள் ஆரம்பித்தன. நம் ஜனங்கள் ஆலோசனை சொல்வதில் தாராளமானவர்கள் அல்லவா? “இது குதிவாதம் ஐயா, செங்கல்லைச் சுடவைத்து எருக்கம் இலையைப் போட்டு மிதியுங்கள்” என்றார் ஒருவர். “வெந்நீரில் கல்லுப்புப் போட்டுக் காலை வையுங்கள்” என்றார் இன்னொருவர். என் பேரன், “தாத்தா, விளையாட்டு வீரர்கள் எல்லாரும் ஐஸ்தான் வைப்பார்கள், சூடு வைத்தால் வீங்கிவிடும்” என்றான். என் மனைவி தவிட்டு ஒத்தடம் என்றார்கள். நான் ஒரு மாதம் எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் நன்றாக இருந்தது. மறுநாள் காலையில் அதே ஆணி.

அப்போதுதான் பிசியோதெரபி அறைக்குப் போனேன். அங்கே இருந்த சகோதரிக்கு என் மகள் வயது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஐயா, நீங்கள் வெந்நீரிலே காலை வைத்துவிட்டு அப்படியே எழுந்து ஆராதனைக்குப் போய்விடுகிறீர்கள். அதுதான் தப்பு. வெந்நீர் பாதி வேலைதான். மீதி வேலையைச் செய்யவே இல்லையே” என்றார்கள். மீதி வேலை என்ன என்பதைச் சொல்லுவதற்கு முன்னால், குதிகாலில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லவேண்டும்.

நம் உள்ளங்காலில், குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடி வரைக்கும், தடித்த பட்டை ஒன்று வில்லில் கட்டிய நாண் போல ஓடுகிறது. பாதத்தின் வளைவைத் தாங்குவது அந்தப் பட்டைதான். நாம் அடி எடுத்து வைக்கும்போது விரல்கள் மேலே மடங்க, அந்த நாண் இறுகி, வளைவை உயர்த்தி, பாதத்தை உறுதியாக்குகிறது. 1954-ல் ஹிக்ஸ் என்பவர் இதைக் கிணற்றில் ராட்டினம் கயிற்றை இழுத்துச் சுற்றுவதற்கு ஒப்பான அமைப்பாக விளக்கி எழுதினார். ஒரு நாளில் எத்தனை ஆயிரம் அடி வைக்கிறோமோ அத்தனை தடவை அந்த நாண் இறுகித் தளர்கிறது. உடல் எடை கூடும்போதும், கெட்டித் தரையில் நெடுநேரம் நிற்கும்போதும், கெண்டைக்கால் சதை விறைத்துப் போகும்போதும், அந்தப் பட்டை எலும்போடு சேருகிற இடத்தில் பாரம் அதிகமாகிறது. அந்த இடம் நொந்துபோகிறது. இதைத்தான் டாக்டர்கள் பிளான்டார் ஃபேஷியைட்டிஸ் என்கிறார்கள்.

காலையில் முதல் அடி ஏன் இவ்வளவு வலிக்கிறது? இரவெல்லாம் நாம் படுத்திருக்கும்போது பாதம் கீழ்நோக்கித் தொங்கியிருக்கிறது. பட்டை சுருங்கி விறைத்துப்போகிறது. எழுந்து நின்றவுடனே உடலின் முழு எடையும் அதை ஒரே இழுப்பாக இழுக்கிறது. சிறிது நடந்ததும் இளகிக்கொடுக்கிறது, வலி குறைகிறது. நாள் முழுவதும் நின்றபின் பாரத்தினால் மறுபடியும் நோகிறது. இந்தக் காலை வலியும் மாலை வலியும் ஒரே இடத்தில் வந்தாலும், முதலாவது விறைப்பினால் வருவது, இரண்டாவது களைப்பினால் வருவது. இதை மறவாதிருங்கள். சூடா, குளிரா என்கிற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

இன்னொரு பயத்தையும் நீக்கிவிடுகிறேன். எக்ஸ்ரே எடுத்தவுடன், “குதிகாலில் எலும்பு வளர்ந்திருக்கிறது” என்று கேட்டுப் பலர் கலங்கிவிடுகிறார்கள். அந்த முள் குத்துவதால்தான் வலி என்று எண்ணி, அதை வெட்டி எடுக்கமுடியுமா என்று கேட்கிறார்கள். இந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அந்த முள் இருக்கிறது. ஆனால் வலியே இல்லாத அநேகருக்கும் அதே முள் இருக்கிறது. முள் இருந்தபடியே வலி நீங்குகிறது. ஆகவே எக்ஸ்ரேயைப் பார்த்து அஞ்சவேண்டியதில்லை.

இனி ஐஸ் பற்றிச் சொல்லுகிறேன். குளிர் பட்டதும் அந்த இடத்து இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. வலியைக் கொண்டுபோகிற நரம்புகளின் வேகம் குறைகிறது. அந்த இடம் சற்று மரத்துப்போகிறது. ஆகவே நாள் முழுவதும் நின்று களைத்து, குதிகால் திகுதிகு என்று வலிக்கிற மாலை நேரத்துக்குக் குளிர் ஏற்றது. செய்யும் முறை எளிது. ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் உறையவைத்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, காலுறை போட்டுக்கொண்டோ, பாட்டிலின்மேல் மெல்லிய துண்டைச் சுற்றியோ, அதைப் பாதத்தின் அடியில் முன்னும் பின்னும் உருட்டுங்கள். பத்து நிமிடம் போதும். பதினைந்துக்கு மேல் வேண்டாம். கண்ணாடிப் பாட்டில் கூடாது. ஐஸ் கட்டியை வெறும் தோலில் வைக்காதீர்கள். தோல் வெந்ததுபோல் ஆகிவிடும். ஐஸ் வைத்தபடி தூங்கியும் விடாதீர்கள். நான் ஒரு நாள் அப்படித் தூங்கிவிட்டு, விழித்தபோது என் காலை எனக்கே தெரியவில்லை!

சூட்டின் வேலை வேறு. வெதுவெதுப்பு பட்டதும் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. கெண்டைக்கால் சதை தளர்கிறது. விறைத்த பட்டை இளகுகிறது. ஆகவே காலை நேர விறைப்புக்கும், பயிற்சி செய்வதற்கு முன்னாலும் சூடு ஏற்றது. அகலமான பேசினில் கணுக்கால் மூழ்கும் அளவுக்கு வெதுவெதுப்பான நீர் விட்டு, பத்து அல்லது பதினைந்து நிமிடம் காலை வையுங்கள். நீர் 38 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் போதும். குழந்தையைக் குளிப்பாட்டும்போது தாய்மார் முழங்கையை விட்டுப் பார்க்கிறார்களே, அந்தச் சூடுதான். கல்லுப்புப் போடலாமா என்று கேட்கிறீர்கள். போட்டால் பாவமில்லை, ஆனால் இதமாக்குவது உப்பு அல்ல, சூடுதான்.

அப்படியானால் எது சிறந்தது? நான் டாக்டரிடம் இதே கேள்வியைக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு சம்பவம் சொன்னார். அடிபட்ட இடத்துக்கு ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்கிற நான்கு விதிகளை 1978-ல் எழுதிப் பரப்பியவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க டாக்டர். உலகமெங்கும் விளையாட்டு மைதானங்களில் ஐஸ் பழக்கமானதற்கு அவர் எழுத்து ஒரு முக்கிய காரணம். அதே டாக்டர் 2014-ல், ஐஸ் வலியைக் குறைத்தாலும் உடம்பு தன்னைத்தானே குணப்படுத்திக்கொள்வதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தன் கருத்தை மாற்றி எழுதினார். தான் சொன்னதையே முப்பத்தாறு வருடத்துக்குப் பிறகு திருத்திக்கொள்ள ஒரு மனத்தாழ்மை வேண்டும்.

குதிகால் வலியிலும் இதுபோல் ஒரு திருத்தம் நடந்தது. நோயின் பெயரிலேயே அழற்சி என்கிற பொருள் இருக்கிறது. ஆனால் 2003-ல் அமெரிக்காவில் லெமாண்ட் என்பவரும் அவரோடு இருந்தவர்களும், அறுவை சிகிச்சையில் எடுக்கப்பட்ட 50 பேரின் பட்டைத் துணுக்குகளை ஆராய்ந்தபோது அழற்சியைக் காணவில்லை. நாள்பட்ட தேய்மானத்தையே கண்டார்கள். நாட்பட்ட குதிகால் வலி என்பது எரிகிற நெருப்பைவிட நைந்துபோன கயிற்றுக்கே ஒப்பானது. நெருப்பாக இருந்தால் தண்ணீர் ஊற்றி அணைக்கலாம். நைந்த கயிற்றை ஐஸும் சரிசெய்யாது, வெந்நீரும் சரிசெய்யாது. இரண்டும் வலியைத் தணிக்கும். வலி தணிந்திருக்கிற அந்த நேரத்தில் நாம் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. சகோதரி சொன்ன மீதி வேலை அதுதான்.

அதை இப்போதே உட்கார்ந்தபடி செய்து பார்ப்போம். வலிக்கிற காலைத் தூக்கி மற்றக் கால் முழங்காலின்மேல் போட்டுக்கொள்ளுங்கள். சேலை கட்டிய சகோதரிகள் வீட்டில் செய்யலாம். ஒரு கையினால் கால் விரல்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து, முழங்காலை நோக்கி மேலே வளையுங்கள். மற்றக் கையின் பெருவிரலால் உள்ளங்காலைத் தொட்டுப் பாருங்கள்; வீணைத் தந்திபோல் ஒன்று இறுகி நிற்கிறதல்லவா? அதுதான் அந்தப் பட்டை. பத்து எண்ணும்வரை பிடித்து, விடுங்கள். இப்படிப் பத்துத் தடவை. ஒரு நாளைக்கு மூன்று வேளை. மிக முக்கியமானது காலை வேளை: கட்டிலில் இருந்தபடியே, முதல் அடி வைப்பதற்கு முன்பாகச் செய்யவேண்டும். 2003-ல் அமெரிக்காவில் 101 நோயாளிகளைக்கொண்டு இதை ஆராய்ந்தார்கள். கெண்டைக்கால் சதையை மட்டும் நீட்டியவர்களைவிட, இப்படி உள்ளங்காலையே நீட்டியவர்களுக்கு முதல் அடி வலி அதிகமாய்க் குறைந்தது.

சற்றுத் தேறினவர்களுக்கு இன்னொரு பயிற்சி. ஒரு துண்டைச் சுருட்டிப் படியின்மேல் வைத்து, விரல்கள் அதன்மேல் மடங்கியிருக்க, சுவரையோ கைப்பிடியையோ பிடித்துக்கொண்டு குதிகாலை மெதுவாக உயர்த்தி, மெதுவாகத் தாழ்த்தவேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தால் போதும். டென்மார்க்கில் 48 பேரை வைத்துச் செய்த ஆராய்ச்சி 2014-ல் வெளியானது. மூன்று மாதத்தில் இந்தப் பயிற்சி செய்தவர்கள் வெறுமனே நீட்டியவர்களைவிட நன்றாயிருந்தார்கள். ஒரு வருடம் முடிந்தபோது இரு பிரிவாருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பொறுமையாய் எதைச் செய்தாலும் பலன் உண்டு என்பதற்கு இது நல்ல சாட்சி.

என் வாடிக்கை இப்படி அமைந்தது. காலையில் கட்டிலிலேயே பத்துத் தடவை நீட்டல். பிறகு செருப்புப் போட்டுக்கொண்டுதான் முதல் அடி. வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடப்பதில்லை. குளிக்கும் முன் வெந்நீரில் பத்து நிமிடம், துடைத்தவுடன் மறுபடியும் நீட்டல். மாலையில் வார்டு முடித்துத் திரும்பியதும் ஐஸ் பாட்டில். மூன்றாவது மாதம் வரை பெரிய முன்னேற்றம் ஒன்றும் தெரியவில்லை. நான் சோர்ந்துபோய், “ஒரு ஊசி போட்டு முடித்துவிடக்கூடாதா?” என்று கேட்டேன். “போடலாம் ஐயா, சில வாரங்கள் சுகமாயிருக்கும். ஆனால் குதிகாலின் கொழுப்பு மெத்தை தேயவும், சில சமயம் பட்டையே அறுந்துபோகவும் இடமுண்டு. பொறுக்கமுடிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்” என்றார் டாக்டர். பொறுத்தேன். ஒன்பதாவது மாதத்தில் ஒரு நாள் காலையில் எழுந்து, ஜன்னலைத் திறந்து, காபி போட அடுப்பங்கரை வரை போனபின்தான் ஞாபகம் வந்தது, இன்று வலிக்கவே இல்லையே என்று! பெரும்பாலானவர்களுக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் இது குணமாகிவிடுகிறது. ஆகையால் மனந்தளராதிருங்கள்.

இதுவரை சொன்னது உணர்வுள்ள பாதங்களுக்கு. இனிச் சொல்லப்போவதைத் தயவுசெய்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள். எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்கவேண்டாம்.

எனக்குக் குதிகால் வலி தீர்ந்த அதே வருடத்தில், பெண்கள் வார்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரைச் சந்தித்தேன். பதினெட்டு வருடமாகச் சர்க்கரை வியாதி. இரண்டு குதிகாலிலும் கட்டு. “என்ன டீச்சர், என்ன ஆயிற்று?” என்று கேட்டேன். அவர்களுக்கு இரவில் பாதங்கள் எரியும், குறுகுறுக்கும். பக்கத்து வீட்டு அம்மாளுக்குக் குதிவாதம் செங்கல் ஒத்தடத்தில் சுகமானதைக் கேள்விப்பட்டு, தனக்கும் அதுதான் என்று எண்ணி, செங்கல்லைச் சுடவைத்து எருக்கம் இலையைப் பரப்பி மிதித்திருக்கிறார்கள். “சூடு ஏறவே இல்லை ஐயா. அதனால் இன்னும் கொஞ்ச நேரம் அழுத்தி மிதித்தேன். இலை கருகின வாசனை வந்தபின்தான் காலை எடுத்தேன். எனக்கு வலிக்கவே இல்லையே ஐயா!” என்றார்கள். அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போதுதான் அழுதார்கள். அந்தப் புண் ஆற ஐந்து மாதம் சென்றது. இடது பாதத்தைக் காப்பாற்றமுடியுமா என்று டாக்டர்கள் இரண்டு முறை கூடிப் பேசினார்கள். தேவ கிருபையால் பாதம் தப்பியது. ஒரு விரல் போயிற்று.

அவர்களுக்கு இருந்தது குதிவாதமே அல்ல. சர்க்கரையினால் நரம்புகள் பழுதாகியிருந்தன. இரவு எரிச்சலும் குறுகுறுப்பும் அந்த நரம்புகளின் முறையீடு. வலிக்கிற பாதம் என்று அவர்கள் எண்ணியது, உண்மையில் வலி தெரியாத பாதம்.

நம் தமிழ்நாட்டு மருத்துவ ஊழியத்தில் இந்தப் பாடத்தை உலகத்துக்கே கற்றுக்கொடுத்த ஒருவர் இருந்தார். டாக்டர் பால் பிராண்ட். 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளிகளின் கைகளுக்கும் பாதங்களுக்கும் அறுவை சிகிச்சை செய்தவர். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் தாமாக அழுகி விழுகின்றன என்று அந்நாளில் எண்ணியிருந்தார்கள். அப்படியல்ல, உணர்வு அற்றுப்போனதால் சுட்டதும் குத்தினதும் தெரியாமல் காயப்பட்டு, அந்தக் காயத்தின்மேலேயே நடந்து நடந்துதான் பாதம் அழிகிறது என்று அவர் எடுத்துக்காட்டினார்.

அவருடைய சொந்தக் குதிகாலைப் பற்றியே ஒரு சம்பவம் உண்டு. 1950-களின் முற்பகுதியில் அமெரிக்கா போய்த் திரும்புகிற வழியில், இங்கிலாந்தில் ரயிலில் நெடுநேரம் உட்கார்ந்து பிரயாணம் செய்தார். இரவில் அறைக்கு வந்து காலுறையைக் கழற்றினபோது, குதிகாலில் உணர்வே இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தார், தெரியவில்லை. தொழுநோய் தன்னைப் பற்றிக்கொண்டது என்றே நினைத்து, அந்த இரவைப் படுக்கையில் கலக்கத்தோடே கழித்தார். விடிந்ததும் மறுபடியும் ஊசியால் குத்தினார். வலி தாங்காமல் கத்தினார். ரயிலில் அசையாமல் உட்கார்ந்ததால் நரம்பு அழுந்தி மரத்திருந்தது, அவ்வளவுதான். அந்த வலிக்காக அவர் தேவனுக்கு நன்றி சொன்னார். 1966-ல் அமெரிக்காவுக்குப் பணியாற்றச் சென்று, 2003-ல் காலமாகும் வரைக்கும், வலி ஒரு ஈவு என்பதை அவர் பேசியும் எழுதியும் வந்தார்.

குதிகால் வலிக்காரர்கள் கடைக்குப்போய் “எம்.சி.ஆர். செருப்பு” என்று கேட்டு வாங்குகிறீர்களே, அந்த மிருதுவான மைக்ரோ செல்லுலர் ரப்பர் செருப்புகள் நம் நாட்டில் வேலூர், கரிகிரி போன்ற இடங்களில் தொழுநோயாளிகளின் மரத்துப்போன பாதங்களைக் காப்பதற்காகவே பழக்கத்துக்கு வந்தவை. வலி தெரியாதவர்களுக்காகச் செய்த செருப்பு, இன்று வலி தெரிகிறவர்களுக்கும் உதவுகிறது.

ஆகவே வெந்நீரா, ஐஸா என்று கேட்பதற்கு முன்னால், இந்தப் பாதத்துக்கு உணர்வு இருக்கிறதா என்று கேளுங்கள். இதை அறிய மருத்துவமனையில் பத்துக் கிராம் அழுத்தம் தருகிற நைலான் இழையால் தொட்டுப் பார்ப்பார்கள். வீட்டிலே செய்ய ஒரு எளிய சோதனையும் உண்டு. இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊர் டாக்டர்கள் 2011-ல் வெளியிட்டது. சோதிக்கப்படுகிறவர் படுத்துக் கண்ணை மூடிக்கொள்ளவேண்டும். நீங்கள் உங்கள் சுட்டுவிரலால் அவருடைய பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை, இரண்டு பாதத்திலும் ஒவ்வொன்றாக, ஓரிரு விநாடி மட்டும் மெதுவாகத் தொடுங்கள். அழுத்தவேண்டாம், கூச்சங்காட்டவும் வேண்டாம். ஆறு தொடுதலில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்வு குறைந்திருக்கிறது என்று பொருள். அவருக்கு வெந்நீரும் வேண்டாம், ஐஸும் வேண்டாம், செங்கல்லும் வேண்டாம். டாக்டரிடம் அழைத்து வாருங்கள். சோதனை நன்றாக இருந்தாலும், சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் பாதத்தை வெந்நீரில் ஊறவைக்காதிருப்பது நல்லது. காலில் இரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கு ஐஸ் ஆகாது.

சூடு எவ்வளவு விரைவாகத் தோலைக் கெடுக்கும் என்பதை 1947-ல் அமெரிக்காவில் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இருவர் அளந்து எழுதினார்கள். 49 டிகிரி செல்சியஸ் சூட்டில் பத்து நிமிடத்துக்குள்ளும், 60 டிகிரியில் ஏறக்குறைய ஐந்து விநாடியிலும் தோல் ஆழமாய் வெந்துவிடும். வீட்டு கீசரில் 60 டிகிரி வரை சூடேறுவது உண்டு. உணர்வுள்ளவன் ஒரு விநாடியில் காலை இழுத்துக்கொள்வான். உணர்வற்றவனுக்கு இழுத்துக்கொள்ளச் சொல்ல யாரும் இல்லை. அடுப்பில் சுட்ட செங்கல் எத்தனை டிகிரி என்று யாருக்குத் தெரியும்? எருக்கம் பாலும் தோலையும் கண்ணையும் உறுத்தக்கூடியது. நம் பாட்டிமார் செய்ததைக் குறை சொல்லவில்லை. ஆனால் நம் பாட்டிமாரில் அநேகருக்குச் சர்க்கரை இல்லை. நமக்கு இருக்கிறது.

இன்னும் சில அடையாளங்களையும் சொல்லிவிடுகிறேன். விழுந்தபின் அல்லது குதித்தபின் வந்த வலி, சிவந்து வீங்கிக் காய்ச்சலோடு வருகிற வலி, படுத்திருக்கும்போதும் இரவில் எழுப்புகிற வலி, மரமரப்போடு கூடிய வலி, வாலிப வயதில் இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் இடுப்பும் நெடுநேரம் விறைத்திருப்பது: இவை சாதாரண குதிவாதம் அல்ல. இவற்றுக்கு வீட்டு வைத்தியம் பார்த்து நாளைக் கடத்தாதீர்கள். சாதாரண வலி என்று தோன்றினாலும், ஆறு வாரம் பயிற்சி செய்தும் கொஞ்சமாவது குறையாவிட்டால் வந்து காட்டுங்கள்.

முடிக்கிறேன். பெரிய வியாழனன்று நம் சபைகளில் பாதம் கழுவுகிற ஆராதனை வைக்கிறோம். வருடத்துக்கு ஒரு நாள், பன்னிரண்டு பேரின் பாதங்களைப் பேசினில் கழுவித் துடைக்கிறோம். அந்த ஆசிரியையைப் பார்த்த பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. தண்ணீர் ஊற்றுவதற்கு முன் என் முழங்கையை அதில் விட்டுப் பார்க்கிறேன். துடைக்கும்போது உள்ளங்காலைத் திருப்பி, வெடிப்பு இருக்கிறதா, புண் இருக்கிறதா என்று பார்க்கிறேன். போன வருடம் ஒரு பெரியவரின் குதிகாலில் அவருக்கே தெரியாமல் ஒரு முள் ஏறியிருந்ததைக் கண்டோம்.

இன்று இரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் தாயாரையோ, மாமியாரையோ, சர்க்கரையுள்ள வீட்டுப் பெரியவர் எவரையோ கட்டிலில் உட்காரவைத்து, அவர்கள் பாதத்தை உங்கள் மடியில் எடுத்து, அந்த ஆறு தொடுதலைச் செய்து பாருங்கள். ஐந்து நிமிட வேலை. அவர்களுக்குத் தெரிந்தால், சர்க்கரை உள்ளவர்களுக்கு டாக்டரைக் கேட்டபின்பே வெந்நீர் வைத்துக்கொடுங்கள். தெரியாவிட்டால், திங்கட்கிழமை காலையில் அழைத்து வாருங்கள். நான் வாசலிலேயே இருப்பேன்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.